கால் கிளம்புகிற வரைக்கும்

படகு வந்து படகுத்துறை ஜெட்டியில் ஒட்டும்போது லஸ்கர் வேலை பார்க்கிறவன் ஒரு காலைப் படகிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்து நிற்பான். கடல் படகைத் தூக்கும், இறக்கும். தூக்குகிற ஒரு நொடியில் படகின் தளமும் ஜெட்டியும் ஒரே மட்டத்துக்கு வரும். அந்த நொடியில் எதிரே நிற்கிறவரின் முன்கையைப் பிடித்து ஓர் இழுப்பு. ஆள் கரையில் இருப்பார். அடுத்த ஆள். அந்தமானில் பேம்பூ பிளாட்டுக்கும் சாத்தத்துக்கும் நடுவே ஓடுகிற படகில் முப்பத்திரண்டு வருஷம் இதுதான் என் வேலை. வயிற்றுப் பிள்ளைக்காரி, கண் தெரியாதவர், குடித்துவிட்டு வந்தவர், ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வண்டூர்க்காரர் ஒருவர், எல்லாரையும் இழுத்திருக்கிறேன். அந்த வண்டூர்க்காரர் கதை தனி. ஆடு படகிலேயே நின்றுவிட்டது, அவர் கரைக்கு வந்துவிட்டார், அப்புறம் இரண்டு நடை அந்த ஆடு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வந்தது. அதை இன்னொரு நாள் சொல்ல வேண்டும். இப்போது சொல்ல வந்தது, அந்த இழுப்பை நான் யோசித்துச் செய்ததே கிடையாது. வாய் யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும். கை தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்கும்.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் விழவைத்தேன். அது எங்கள் சந்தில் குடியிருந்த டெய்லர் அக்கா.

பெயர் சொல்லவில்லை. உயிரோடு இருந்து, நான் ஊருக்குச் சொல்லுவது தெரிந்தால், "எம் பேரு என்னத்துக்குல. ஜாக்கெட்டு தைக்கணும்னா வீடு தெரியும்லா" என்று கேட்டிருப்பார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். வீட்டுக்காரர் சாத்தத்தில் மர வேலை பார்த்து, காலமாகி ரொம்ப நாள் ஆகிவிட்டது. ஒரே மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அக்கா மட்டும் பேம்பூ பிளாட்டில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமான வீட்டில், மிதி மெஷினோடு இருந்தார்.

யாருடைய உதவியும் வாங்க மாட்டார். அதுதான் அவர். தண்ணீர் லாரி வரும் நாளில் பக்கத்து வீட்டு வங்காளத்து மாஷி ஒரு குடத்தைத் தூக்கிக் கொடுக்கப் போனால், "ரஹ்னே தோ, மாஷி" என்று கையாலேயே ஒதுக்கிவிடுவார். ஒரு தடவை அவர் வீட்டுத் தகரம் காற்றில் பிய்ந்துகொண்டு போனது. நான் ஏணியோடு போனேன். ஏணியை வாங்கிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அறுபது வயதுப் பெண்பிள்ளை கூரை மேல் உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார், வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு.

அப்படிப்பட்டவருக்கு அந்த வியாதி வந்தது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. துணியில் சாக்கட்டியால் அளவு எழுதுவார் அல்லவா, அந்த எழுத்து சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆனது. எனக்கு எழுத்து வாசிக்க வராது, பேருந்துப் பலகையைப் பார்த்துப் பழகியதுதான். ஆனால் பெரிது சிறிது தெரியாதா. "என்ன அக்கா, சாக்கட்டி மிச்சம் பிடிக்கிறீங்களா" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கோபம் என்று நினைத்து ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, மனதுக்குள் சிரித்திருக்கிறார், முகம் சிரிக்கவில்லை.

பிறகு கை ஆடியது. மடியில் வைத்திருக்கும்போது பீடி சுற்றுகிற மாதிரி விரல் ஆடும். ஊசியில் நூல் கோக்கப் போனால் நின்றுவிடும். "சும்மா இருந்தா ஆடுது, வேலை குடுத்தா அடங்குது. நல்ல கைதான்" என்பார். அப்படியே வேலை கொடுத்துக்கொண்டும் இருந்தார்.

பிறகு கால். மெஷினிலிருந்து எழுந்து வாசல் வரைக்கும் ஒழுங்காக வருவார். நிலையைத் தாண்டும் இடத்தில் கால் ஒட்டிக்கொள்ளும். தரையில் பசை தடவிய மாதிரி. உடம்பு முன்னால் போகப் பார்க்கும், பாதம் எழும்பாது. நாமாக இருந்தால் பயந்திருப்போம். அக்கா அதை மெஷின் ரிப்பேர் மாதிரிப் பார்த்தார். மறுபடி போய் மெஷினில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். இரண்டு பாதமும் முன்பு மாதிரியே ஓடின. ஒரு தையல் பிசகவில்லை.

"தம்பி, காலு கெட்டிருந்தா இதுவும் ஓடக் கூடாதுல்லா" என்றார் என்னிடம். "மெஷினே பாரு, மிதிச்சா மட்டும் கெளம்பாது. கையால சக்கரத்த ஒரு தள்ளு தள்ளணும். அப்புறம் அது பாட்டுக்கு ஓடும். எங்காலுக்கு அந்தத் தள்ளுதான் இல்ல."

அந்த நாளில்தான் இன்னொன்றையும் பார்த்தேன். மேசையில் இரண்டு துணி கிடந்தது, ஒன்று பச்சை, ஒன்று நாவல்பழ நிறம். எதை முதலில் வெட்டுவது என்று கத்தரியோடு நின்றவர் நின்றுகொண்டே இருந்தார். நான் வந்து, மாஷி கொடுத்த டீயைக் குடித்து, ஊர்க்கதை பேசி முடித்தும் அப்படியே நின்றார். கால் மாதிரியே யோசனையும் நிலையில் மாட்டிக்கொண்டது. கடைசியில் அவரே, "இனிமே வலது பக்கத்துல கெடக்குறதத்தான் மொதல்ல வெட்டுவேன். கேள்வியே கெடையாது" என்று சட்டம் போட்டுக்கொண்டு வெட்டினார். அதற்குப் பிறகு கடைசி வரை வலது பக்கம்தான்.

இனி நான் விழவைத்த கதை.

அன்றைக்குச் சாத்தம் பக்கத்தில் கடல் கொஞ்சம் ஆட்டம். அக்கா படகின் விளிம்பில் வந்து நின்றார். எனக்கு முன்னால், ஒரு கை தூரத்தில். கால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற மீன்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். படகு எழும்பியது. என் கை அவர் முன்கையைப் பிடித்து இழுத்தது. உடம்பு வந்தது, கால் வரவில்லை. கான்கிரீட்டில் முகம் குப்புற விழுந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு ஒடிந்துவிட்டது. ஒரு செருப்பு தண்ணீரில் போனது.

தூக்கப் போனேன். படுத்தபடியே, "கைய எடு, தம்பி" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் கேட்கிறது.

மகன் அடுத்த விமானத்தில் வந்து இறங்கினான். நல்ல பிள்ளை. தாய் மேல் உயிர். அந்த உயிரினால்தான் பிரச்சினையே.

"எத்தன தடவம்மா சொல்றது. இந்தத் தீவுல தனியா எதுக்கு? என்கூட வந்துடுங்க. ஃப்ளாட்ல எல்லாம் வசதி. படி ஏற வேண்டாம், லிஃப்ட் இருக்கு."

"லிஃப்டுக்கும் கதவு இருக்கும்லா" என்றார் அக்கா. "அது மூடுறதுக்குள்ள எங்காலு கெளம்புமால?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறான் என்றால் என் கை இழுத்த இழுப்பினால்தானே.

கட்டுப் போட்ட பிறகு கால் விஷயத்துக்காகப் பெரிய டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். மூன்று பேரும்தான். டாக்டரம்மா மலையாளி, ஆனால் நன்றாகத் தமிழ் பேசுவார். அக்காவை நடக்கவிட்டார், திரும்பவிட்டார், விரலைத் தட்டவிட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க கால்ல ஒரு கோளாறும் இல்ல. மூளைக்குள்ள ரொம்ப அடியில சின்னச் சின்ன முடிச்சு மாதிரி சில இடம் இருக்கு. அதுல ஒரு வழி 'போ'ங்கும், இன்னொரு வழி 'நில்லு'ங்கும். ரெண்டும் வேணும். ஒரு அடி எடுத்து வைக்கணும்னா அந்த ஒரு அசைவ விட்டுட்டு மத்த எல்லாத்தையும் பிடிச்சு வைக்கணும். ரெண்டும் சேந்து செய்யற வேல அது. அந்த வேலைக்கு உள்ளே ஒரு சத்து ஊறணும். உங்களுக்கு அது ஊறுற இடம் வத்திக்கிட்டு வருது. அதனால 'நில்லு' ஜாஸ்தியாயிடுச்சு."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "டாக்டரம்மா, படகு கிளம்புறதும் அப்படித்தான். முன் கயித்தயும் பின் கயித்தயும் ஒண்ணா அவுத்தா ஜெட்டியிலயே ஒரசிக்கிட்டு நிக்கும். முன் கயித்த விடணும், பின் கயித்தப் பிடிக்கணும். அப்ப மூக்கு வெளிய திரும்பும். அப்புறம்தான் பின் கயிறு. விடுறவனும் பிடிக்கிறவனும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே செய்யணும்."

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. "இனிமே நான் இதையே எல்லாருக்கும் சொல்றேன்."

அக்காவுக்கு என் கயிற்றுக் கதையில் ஆர்வம் இல்லை. "அப்ப மெஷின் மட்டும் எப்படி மிதிக்கேன்?"

"சக்கரத்தோட தாளம் உங்களைக் கூட்டிட்டுப் போகுது. பழக்கத்துல நடக்கிற ரோடு உங்களுக்கு அடைஞ்சு கிடக்கு. ஆனா கண்ணுக்கு ஒரு கோடு, காதுக்கு ஒரு தாளம்னு வெளியிலேருந்து ஏதாவது கிடைச்சா மூளை வேற ரோட்டுல சுத்திப் போகும். பின்மண்டையில சிறுமூளைன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் கை குடுக்கும். இது யோசிச்சு நடக்கிற ரோடு. ஒத்தையடிப் பாதைதான். ஒரு நேரத்துல ஒரு ஆள்தான் போக முடியும். நடக்கும்போது பேசாதீங்க, வேற எதையும் நினைக்காதீங்க. எந்தத் துணிய வெட்டுறதுன்னு தடுமாறினேன்னு சொன்னீங்களே, அதுவும் இதே இடம்தான். ஒரு நினைப்ப எடுக்கணும்னா மத்த நினைப்பு வழி விடணும்." பிறகு மகனிடம் திரும்பி, "முக்கியமா, நின்னுட்டாங்கன்னா யாரும் பிடிச்சு இழுக்கக் கூடாது" என்றார்.

என்னைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு மகனிடம் சொன்னார்.

"கட்டுப் பிரிச்சு ஒரு மாசம் குடு. ஒரு ஞாயித்துக்கெழம நான் தனியா போர்ட் பிளேருக்குப் போயி, மாதா கோயில்ல பூச பாத்துட்டுத் தனியா வீட்டுக்குள்ள வந்து ஒக்காருதேன். படகு, பஸ்ஸு, எல்லாம். ஒருத்தரும் என்னத் தொடக் கூடாது. நீ பத்தடி தள்ளி வந்து பாத்துக்க. வந்துட்டேன்னா நீ மட்டும் பிளைட் ஏறு. முடியலன்னா மெஷினத் தூக்கி யாருக்காவது குடுத்துட்டு ஒங்கூட வாரேன். பெறவு ஒரு பேச்சு பேச மாட்டேன்."

"விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்தா நீ ஜெயிச்ச."

அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றான். முடியாது என்று நினைத்துத்தான் சரி என்றிருப்பான். நானும் முடியாது என்றுதான் நினைத்தேன்.

கட்டுப் பிரித்த மறுநாளே ஆரம்பித்துவிட்டார். வாசலிலிருந்து சந்து முனை வரைக்கும் குறுக்குக் கோடு. தையல் சாக்கட்டியால்தான், ஒரு முழத்துக்கு ஒன்று. கோட்டைத் தாண்டு, அடுத்த கோட்டைத் தாண்டு. கோடு இருந்தால் கால் எழும்பியது. படி ஏறுவதும் சுலபமாக வந்தது, தரை கண்ணுக்கு வெட்டு வெட்டாகத் தெரிகிறதே. வெறும் சமதரைதான் அவருக்கு மலை.

அவர் நடக்கும்போது யாரும் பேசக் கூடாது என்பது சந்தின் சட்டமாகிவிட்டது. மாஷி கதவுக்கு வெளியே வந்து, "சுப், சுப், தீதி ஆ ரஹீ ஹைன்" என்பார். மிக்சி நிற்கும், டிவி நிற்கும். மாஷியே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார், அந்த மாஷி வாயை மூடி நாங்கள் பார்த்ததே கிடையாது. ஒரு நாள் முனைக் கடைச் சேட்டனுக்கு இது தெரியாமல், "சேச்சி, பால் பாக்கெட் ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டுவிட்டார். அக்கா நடு ரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் ஆட்டோ வந்து ஹார்ன் அடித்தது. திரும்பிப் பார்க்காமலேயே, "சுத்திப் போ, ராசா. சேட்டன் என்னக் கணக்குல மாட்டிவிட்டுட்டான்" என்றார். ஆட்டோக்காரன் சாக்கடையை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனான்.

என்னையும் விடவில்லை. மத்தியானம் படகு சும்மா கட்டிக் கிடக்கும் நேரத்தில் ஜெட்டிக்கு வந்து என் முன்னால் விளிம்பில் நிற்பார். "நான் நடக்கப் படிக்கேன். நீ இழுக்காம இருக்கப் படி" என்றார்.

இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். படகு எழும்பியது. என் கை போய் அவர் கையைப் பிடித்திருந்தது. நான் அனுப்பவில்லை, சத்தியமாக. அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை என் கையை என் இன்னொரு கையால் பிடித்தேன்.

"பாரு" என்றார் அக்கா, அந்த அசையாத முகத்தோடு. "ஒங் கைக்கும் எங் காலு வியாதிதான். தலகீழா வந்துருக்கு."

ஒரு மாசம் அப்படிப் போனது. அவர் ஓர் அடி முன்னேறினால் நான் ஓர் அடி பின்தங்கினேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. அன்றைக்கு என் கை பழக்கத்தில் அவரைத் தொட்டுவிட்டால் அதோடு தோற்றார், மெஷின் போயிற்று, தீவு போயிற்று. ஒருவருடைய வீடு என் கையில் இருக்கிறது என்றால் தூக்கம் எங்கே வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சென்னைக்குப் போயிருந்த மகன் இரண்டு விமான டிக்கெட்டோடு திரும்பி வந்திருந்தான். காலையிலேயே மழை. சந்தில் போட்ட கோடு, ஜெட்டியில் அவர் முந்தைய நாள் போட்டு வைத்த கோடு எல்லாம் கரைந்து ஓடிவிட்டது. அக்கா வளைந்த கைப்பிடிக் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேம்பூ பிளாட் ஜெட்டியில் கான்கிரீட்டின் ஒட்டுக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து நடந்து, படகில் ஏறிவிட்டார். பத்தடி பின்னால் மகன். அவன் உதடு மட்டும் அசைந்தது, செபம் சொல்லியிருப்பான். எதற்காகச் செபம் செய்தான் என்று நான் கேட்கவில்லை.

சாத்தத்தில் நீர் வற்றியிருந்தது. படகு ஜெட்டி மட்டத்துக்குக் கீழே நின்று எழும்பி எழும்பி இறங்கியது. நான் பின் கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு வழக்கமான இடத்தில் நின்றேன். ஆட்கள் இறங்கினார்கள். அக்கா விளிம்புக்கு வந்தார்.

நின்றுவிட்டார்.

ஒரு எழும்பல் போனது. இரண்டு போனது. பின்னால் ஒரு ஆள், "மாதாஜி, ஆகே படியே" என்று முன்னே போகச் சொன்னார். மேலே சக்கரத்தருகில் நின்ற செராங்கு, எங்கள் படகின் தலைவர், ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"க்யா ஹுவா? பகட் லோ நா உன்கோ."

பிடி என்கிறார். பிடிக்கத்தானே எனக்குச் சம்பளம்.

"நஹீ சாப்" என்றேன்.

"நஹீ மத்லப்?"

அர்த்தம் சொல்ல எனக்கு நேரம் இல்லை. படகு மறுபடி எழும்பிக்கொண்டிருந்தது. என் வலது கை கிளம்பிவிட்டது. கயிற்றை விட்டுவிட்டு அவர் பக்கம் போகிறது. எந்த லஸ்கரும் செய்யக் கூடாத ஒரு காரியம் உண்டு. கட்டையில் கிடக்கிற கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொள்வது. அதைச் செய்தேன். இரண்டு சுற்று. படகு விலகியது, கயிறு முறுகியது, இரண்டு விரல் நசுங்கியது. கத்தினால் அக்காவின் யோசனை கெட்டுவிடும். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா குடையை மடக்கினார். அவ்வளவு மழையில். தலை, சேலை எல்லாம் நனைந்தது. குடையைத் தலைகீழாகத் திருப்பி, வளைந்த கைப்பிடியைத் தன் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்தார். கோடு கரைந்து போனதால் ஒரு கோட்டைக் கையோடு கொண்டுவந்தது மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். படகு எழும்பியது. கைப்பிடியைத் தாண்டி வலது கால் கரைக்குப் போனது. இடது கால் பின்னாலேயே போனது.

பின்னால் நின்ற ஆள், "ஷாபாஷ்" என்றார். அக்கா காதில் வாங்காமல் போய்க்கொண்டிருந்தார். வாங்கியிருந்தால் நின்றிருப்பார்.

ஊருக்குள் நடந்ததை மகன் சொல்லித்தான் தெரியும். பஸ்ஸின் படி உயரம், அதனால் ஏறுவதில் சிரமம் இல்லை. கோயிலுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. "ராணி மாதிரி நடந்தாங்க மாமா" என்றான். நன்மை அப்பம் வாங்கப் போன வரிசையில் ஒரு தடவை நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்களைக் கையைக் காட்டி முன்னே போகச் சொல்லிவிட்டு, கடைசி ஆளாகப் போய் வாங்கினார். திரும்பும் பஸ்ஸில்தான் தவறு நடந்தது. இறங்கும்போது காலையே நினைத்துக்கொண்டிருந்தவர் குடையைச் சீட்டில் விட்டுவிட்டார். மகன் பார்த்துவிட்டான். சொன்னால் உதவி. சொல்லாவிட்டால் சாத்தத்தில் படகேற என்ன செய்வார். குடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பத்தடி பின்னால் வந்தான். நல்ல வேளை, அப்போது நீர் ஏற்றம். படகு ஜெட்டிக்குச் சமமாக நின்றது. அக்கா விளிம்பின் இரும்புப் பட்டையைத் தாண்டி ஏறிவிட்டார்.

என் டூட்டி இரண்டு மணிக்கு முடிந்தது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நானும் அவர்களுக்குப் பின்னால் போனேன். மழை விட்டிருந்தது. சந்தில் எல்லா வாசலிலும் ஆள். ஒரு சத்தம் இல்லை. ரேடியோவை அணைத்துவிட்டுச் சேட்டன் கடைக்கு வெளியே நின்றார்.

அக்கா தன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தார். குறுகலான நிலை, ஒரு ஆள் நுழைகிற அகலம். அங்கே நின்றுவிட்டார்.

டாக்டரம்மா கொடுத்த மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டிருந்தது. காலையிலிருந்து யோசித்து யோசித்து ஒவ்வோர் அடியையும் எடுத்து வைத்த ஆள். மண்டை களைத்திருக்காதா. பாதம் தரையில் கிடந்து நடுங்கியது, எழும்பவில்லை. கட்டிலும் மெஷினும் கண்ணுக்கு எதிரே இரண்டடியில் இருந்தன. கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. மாஷி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மகன் பக்கத்தில் வந்தான். குடையை நீட்டினான்.

"அம்மா. இந்தாங்க. போதும்மா."

அக்கா குடையைப் பார்த்தார். அதை வாங்கித் தரையில் வைத்தால் தாண்டிவிடலாம். எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"அத வாங்குனா நீ ஜெயிச்சிருவ" என்றார். ஒவ்வொரு வார்த்தையும் மெதுவாக வந்தது. "வச்சுக்க. பேசாத. தள்ளி நில்லு."

அவன் தள்ளி நின்றான். குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தார், மறு பக்கம் சாய்த்தார், படகு ஆடுகிற மாதிரி. இடது காலில் பாரம் இறங்கியதும் வலது கால் பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்தது. முன்னால் அல்ல, பக்கவாட்டில். அப்புறம் இடது. மறுபடி வலது. நண்டு வளைக்குள் போகிற மாதிரி, நிலைக்கு முதுகைக் காட்டாமல் நெஞ்சைக் காட்டாமல், தோளை முதலில் விட்டு நுழைந்தார்.

உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"சேட்டா, அன்னைக்குக் கேட்டியே. பாலு ரெண்டு பாக்கெட்டு. மகன் இருக்கான்லா."

சந்து முழுக்கச் சிரித்தது. மாஷி அழுதார், அழுதுகொண்டே எல்லாரையும் திட்டினார், ஒரு மாசத்துப் பேச்சையும் அன்றைக்கே பேசித் தீர்த்தார். மகன் மட்டும் சிரிக்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. வாசலில் நின்று நிலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடியிலிருந்து மேலே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். விரல் தெறித்துக்கொண்டிருந்தது.

அக்கா அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்த வீட்டிலேயே இருந்தார். கடைசி இரண்டு மாசம் தவிர எல்லா ஞாயிற்றுக்கிழமையும் படகேறினார். சில நாள் ஒரு மணி நேரத்தில் போவார், சில நாள் மூன்று மணி நேரம் ஆகும். நான் ரிட்டையராகி, விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே தலைக்கு மேலே விமானம் போகும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அக்கா நடப்பதற்கு நல்ல இடம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை எனக்கு லீவு. சந்தில் மரம் அறுக்கிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மகன் லுங்கியைக் கட்டிக்கொண்டு, யாரிடமோ ரம்பம் வாங்கிவந்து, வீட்டு நிலையின் இடது சட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் தட்டுகிற கை, நன்றாகக் கொப்புளம் போட்டிருந்தது. பக்கத்துப் பலகைகளையும் பெயர்த்து வைத்திருந்தான்.

உள்ளே மெஷினில் உட்கார்ந்து அக்கா திட்டிக்கொண்டிருந்தார். "நல்லா இருக்குற வீட்ட ஒடைக்கான் பாரு தம்பி. நான் கேட்டனா?"

"நீங்க கேக்கல" என்றான் அவன், ரம்பத்தை நிறுத்தாமல். "இது எனக்காகப் பண்றேன்."

"எந்த பிளைட்டு?"

"புதன்கிழமை. ஒரு டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன்."

அக்காவின் கால் மிதியில் நின்றது.

"அதுக்குள்ள கதவு மாட்டிருவியால? இம்புட்டு அகலத்துக்குக் கதவுக்கு எங்க போவ? நாயி வரும்லா."

"வந்தா வரட்டும்மா" என்று சொல்லிவிட்டு அவன் வலது சட்டத்துக்குப் போய் ரம்பத்தை வைத்தான்.